சனியின் வளையமும் சானமாவுக் கல்லும்

சனிக் கோளைச் சுற்றி ஒரு வளையம் உண்டு என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பாடநூலில் அதன் படத்தைப் பார்ப்பவருக்கு, தேர்ந்த தச்சன் ஒருவன் இழைத்து மாட்டிய தட்டையான வட்டமாகவே அது தோன்றும். உண்மையில் அது எண்ணற்ற பனிக்கட்டிகளின் கூட்டம். ஒவ்வொரு கட்டியும் தனக்குரிய பாதையில் தனித்தே சனியைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வாறாயின் அக்கட்டிகளின் அளவு என்ன? அவை மணலைப் போன்றவையா, மலையைப் போன்றவையா? தோன்றிய நாளில் இருந்த அளவிலேயே இன்றும் இருக்கின்றனவா? இக்கேள்விகளுக்கு விடை தேடிய வரலாறு மிகவும் சுவையானது. அதன் ஓர் அத்தியாயம், நம் சானமாவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையில் எழுதப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியோம். எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

காவலூர் கண்ட மங்கல்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலைமீது ஏறினால் காவலூர் வரும். நகர வெளிச்சம் எட்டாத, வானம் தெளிந்த இடம் என்பதால் வானியல் அறிஞர் வைணு பாப்பு அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968 இல் அங்கே வானாய்வு தொடங்கியது. 1972 இல் 102 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டது.

1977 மார்ச் 10 ஆம் நாள் இரவு, யுரேனஸ் கோள் மங்கலான ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்லும் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்டிருந்தது. ஒரு கோள் விண்மீனை மறைக்கும்போது, அவ்விண்மீனின் ஒளி குறைகின்ற விதத்தைக் கொண்டு அக்கோளைப் பற்றிப் பலவற்றை அறியலாம். அதற்காகக் காவலூர்த் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தனர். யுரேனஸ் அவ்விண்மீனுக்கு அருகில் இருந்த நேரத்தில், எவரும் எதிர்பாராத வகையில், விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டும் தெளிந்தது.

இடையில் வந்து மறைத்தது யாது? அதுவரை அறியப்படாத ஒரு சிறு துணைக்கோளாக இருக்கலாம் என்று அவ்விருவரும் கருதினர். அவ்வாறே 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழிலும் எழுதினர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், விமானத்தில் பொருத்திய தொலைநோக்கி ஒன்றின் வழியாக ஜேம்ஸ் எலியட் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் அவ்விண்மீனை நோக்கிக்கொண்டிருந்தனர். கோளுக்கு ஒருபுறம் ஐந்து முறை ஒளி மங்கியதை அவர்கள் கண்டனர். அவர்களும் முதலில் துணைக்கோள்களின் கூட்டம் என்றே அறிவித்தனர். ஆனால் கோளின் மறுபுறத்திலும் அதே தொலைவுகளில் அதே வரிசையில் ஒளி மங்கியிருந்தது. துணைக்கோள்கள் இவ்வாறு இருபுறமும் ஒத்த இடங்களில் நிற்க இயலாது. எனவே யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டு என்ற முடிவு பிறந்தது. காவலூர்ப் பதிவுகளை மீண்டும் ஆராய்ந்த பட்டாச்சார்யாவும் பாப்புவும் அவ்வாண்டிலேயே அங்கும் வளையங்களின் தடயங்களைக் கண்டு எழுதினர். சனிக்கு அடுத்தபடியாக வளையம் உடையது என்று அறியப்பட்ட கோள் யுரேனசே.

ஒன்றா, பலவா?

ஒரு பெரிய பொருளா, பல சிறு பொருள்களா என்னும் இவ்வினா மிகப் பழமையானது. 1610 இல் கலிலேயோ தம் சிறிய தொலைநோக்கியில் சனியைக் கண்டபோது, அதன் இருபுறமும் ஏதோ ஒட்டியிருப்பதாகவே அவருக்குத் தோன்றியது. அது கோளைத் தொடாத மெல்லிய வளையம் என்பதை 1659 இல் ஹைகன்ஸ் விளக்கினார். எனினும் அது பலகைபோல் கெட்டியான பொருள் என்றே நெடுங்காலம் பலர் நம்பினர்.

1857 இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பரிசு ஒன்றிற்காக எழுதிய கட்டுரையில் இந்நம்பிக்கையைக் கணக்கினாலேயே தகர்த்தார். கெட்டியான வளையம் நிலைத்திருக்க முடியாது. திரவ வளையமும் துளிகளாய்ச் சிதறிவிடும். எண்ணற்ற தனித்தனித் துகள்களாக இருந்தால் மட்டுமே வளையம் நீடிக்கும் என்று அவர் காட்டினார். 1895 இல் கீலர் என்னும் அமெரிக்க வானியலார் வளையத்தின் வேகத்தை அளந்தார். கெட்டியான சக்கரமாயின் அதன் வெளியோரமே வேகமாகச் செல்ல வேண்டும். அவர் கண்டதோ இதற்கு நேர்மாறு: உட்பகுதி வேகமாகவும் வெளிப்பகுதி மெதுவாகவும் சென்றன. உள்ளோரத் துகள் சனியை ஒருமுறை சுற்றிவர ஆறு மணி நேரமும் ஆவதில்லை. வெளியோரத் துகளுக்குப் பதினான்கு மணி நேரத்திற்கு மேல் ஆகிறது.

அத்துகள்கள் ஒன்றுகூடி ஒரு நிலவாக உருவாகாதது ஏன்? இதற்கு விடையை 1848 இலேயே ரோஷ் என்னும் பிரெஞ்சு அறிஞர் கூறியிருந்தார். ஒரு கோளுக்கு மிக அருகில் ஒரு பொருள் இருந்தால், கோளை நோக்கிய பக்கம் வலுவாகவும் மறுபக்கம் சற்று மெலிவாகவும் இழுக்கப்படும். ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இந்த வேறுபாடே அப்பொருளைப் பிய்த்துவிடும் அளவுக்குப் பெரிதாகிறது. சனியின் முக்கிய வளையங்கள் அவ்வெல்லைக்கு உட்பட்டவை. அங்கே துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்தாலும் பெரிய உருண்டையாகத் திரள்வதற்குச் சனி இடங்கொடுப்பதில்லை.

அலையே சல்லடை

துகள்கள் என்பது உறுதியாயிற்று. அளவை எவ்வாறு அறிவது? எந்தத் தொலைநோக்கியாலும் அவற்றைத் தனித்தனியே காண இயலாது. 1970 இல், வளையத்தினின்று வரும் ஒளியைப் பகுத்து, அது பெரும்பாலும் நீர்ப்பனி என்று கண்டறிந்தனர். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் பூமியிலிருந்து அனுப்பிய ரேடார் அலைகள் வளையத்தில் பட்டு வலுவாக எதிரொலித்தன. வெறும் தூசியாயின் அவ்வாறு எதிரொலிக்காது. ஆகவே சென்டிமீட்டர் அளவையும் அதற்கு மேற்பட்ட அளவையும் உடைய கட்டிகள் அங்கே உண்டு என்பது தெளிவாயிற்று.

1980 நவம்பரில் வாயேஜர் 1 விண்கலம் சனியைக் கடந்தது. அது வளையத்திற்கு அப்பால் சென்றதும், வளையத்தின் ஊடே பூமியை நோக்கி இருவகை ரேடியோ அலைகளை அனுப்பியது. ஒன்றன் அலைநீளம் 3.6 சென்டிமீட்டர், மற்றொன்று 13 சென்டிமீட்டர். தன் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகளை ஓர் அலை பொருட்படுத்தாமல் கடந்துவிடும். அதற்கு ஒத்த அல்லது பெரிய துகளால் தடுக்கப்பட்டுச் சிதறும். எனவே வெவ்வேறு நீளமுள்ள அலைகள், வெவ்வேறு கண்ணளவு உள்ள சல்லடைகளாகப் பயன்பட்டன. 2005 இல் காசினி விண்கலம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த மூன்றாம் அலையையும் சேர்த்து இதே சோதனையை மேலும் நுட்பமாகச் செய்தது.

கிடைத்த விடை இதுவே: சனியின் முக்கிய வளையங்களில் பெரும்பாலான துகள்கள் ஒரு சென்டிமீட்டரிலிருந்து சில மீட்டர் வரை அளவுடையவை. கூழாங்கல் முதல் வீடு வரை என்று கொள்ளலாம். பத்து மீட்டருக்கு மேற்பட்டவை மிக அரிது. வளையத்தின் அகலம் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஏறத்தாழ 2,70,000 கிலோமீட்டர். தடிப்போ பல இடங்களில் சுமார் 10 மீட்டரே. எழுதும் தாளை 2.7 கிலோமீட்டர் அகலத்திற்கு விரித்தால் எவ்வளவு மெல்லியதாக இருக்குமோ, அவ்வளவு மெல்லியது அது!

கிரஷர் கற்பிக்கும் கணக்கு

அளவு வேறுபட்ட கற்கள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதே அடுத்த வினா. இதைப் புரிந்துகொள்ள நாம் சனி வரை செல்ல வேண்டியதில்லை. சானமாவைச் சுற்றியுள்ள ஓசூர், சூளகிரி வட்டாரங்களில் கல் குவாரிகளும் கிரஷர்களும் இல்லாத திசை அரிது. பாறையைப் பிளந்து, கிரஷரில் கொட்டி, சல்லடையில் பிரித்தால் ஒன்றரை இஞ்சு ஜல்லி, முக்கால் இஞ்சு ஜல்லி, சிப்ஸ், பொடி என்று தனித்தனிக் குவியல்களாக விழுகிறது. கல் உடையும் இடத்தில் எல்லாம் ஒரே ஒழுங்கு காணப்படும்: பெரியவை சில, சிறியவை பல, பொடியோ எண்ணிலடங்காதது.

சனியின் வளையத்திலும் இதே ஒழுங்கு உண்டு. அளவு பத்து மடங்கு குறையுந்தோறும் எண்ணிக்கை ஏறத்தாழ நூறு மடங்கு கூடுகிறது. ஒரு மீட்டர் அளவுள்ள கட்டி ஒன்று இருந்தால், பத்து சென்டிமீட்டர் கட்டிகள் நூறும், ஒரு சென்டிமீட்டர் கட்டிகள் பத்தாயிரமும் இருக்கும் என்று கொள்க.

இதனின்று விளையும் கணக்கு வியப்புக்குரியது. அந்த ஒரு பெரிய கட்டியின் முகப்பரப்பும், நூறு நடுத்தரக் கட்டிகளின் மொத்த முகப்பரப்பும், பத்தாயிரம் சிறு கட்டிகளின் மொத்த முகப்பரப்பும் சமம். எனவே சூரிய ஒளியைப் பெற்று நமக்குத் திருப்பி அனுப்புவதில் சிறியவையும் பெரியவையும் சமபங்கு பெறுகின்றன. எடையோ அவ்வாறு இல்லை. நூறு நடுத்தரக் கட்டிகளும் சேர்ந்து பெரிய கட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கே. பத்தாயிரம் சிறு கட்டிகளும் சேர்ந்து நூறில் ஒரு பங்கே. வளையத்தின் எடையைச் சுமப்பவை பெரிய கட்டிகள். எண்ணிக்கையில் மிகுந்தவை சிறு கட்டிகள்.

சேர்வதும் சிதைவதும்

ஆயினும் கிரஷருக்கும் வளையத்திற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிரஷரில் கல் உடையுமேயன்றி ஒட்டாது. வளையத்தில் உடைவதும் ஒட்டுவதும் இடைவிடாமல் நிகழ்கின்றன.

வளையத் துகள்கள் சனியைச் சுற்றும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அடுத்தடுத்த துகள்கள் அனைத்தும் ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடுவதால், அவை தம்முள் மோதும் வேகம் விநாடிக்குச் சில மில்லிமீட்டரே. நம் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் அருகருகே செல்லும் இரு லாரிகள் மெல்ல உரசுவதை எண்ணிப் பாருங்கள். எறும்பின் நடையைவிட மெதுவான அத்தகைய மோதலில், பனித்தூள் படிந்த இரு கட்டிகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவற்றோடு இன்னும் சில சேர்ந்து பெரிதாகின்றன. பெரிதான கட்டி, சற்று வேகமான மோதலாலோ சனியின் இழுவையாலோ மீண்டும் சிதறுகிறது. இத்தகைய கட்டிகளை நிலையற்ற தற்காலிக உடல்கள் என்று 1984 இலேயே சில ஆய்வாளர்கள் வருணித்தனர்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் சானமாவுக் காட்டிற்கு வரும் யானைக் கூட்டத்தை நம் மக்கள் நன்கு அறிவர். ஒருநாள் பெருங்கூட்டமாக நிற்கும். மறுநாள் மூன்று நான்கு கூட்டங்களாகப் பிரிந்து போகும். பின்னர் மீண்டும் கூடும். ஒருநாள் கண்ட கூட்டத்தை மறுநாள் தேடினால் கிடைக்காது. ஆயினும் காட்டில் யானைகள் இருந்துகொண்டே இருக்கும். வளையத்தின் கட்டிகளும் அத்தகையவையே.

2015 இல் பிரிலியாந்தோவ் என்னும் கணித அறிஞரும் அவருடைய தோழர்களும் இதற்கொரு கணித விளக்கம் தந்தனர். சேர்க்கையும் சிதைவும் சமநிலையில் இருந்தால், மேலே கண்ட எண்ணிக்கை ஒழுங்கு தானாகவே அமையும்; ஓர் அளவுக்கு மேற்பட்ட கட்டிகள் சட்டென்று அருகிவிடுவதும் அச்சமநிலையின் விளைவே என்று அவர்கள் காட்டினர். ஆகவே இன்று நாம் காணும் அளவுகள், முன்னொரு காலத்தில் உடைந்த பொருளின் எச்சம் மட்டும் ஆகா. நாள்தோறும் அங்கே நிகழும் கூட்டலும் கழித்தலும் எழுதுகின்ற கணக்கு அவை.

அளவே விதி

இனி, ஒரு துகளின் எதிர்காலத்தை அதன் அளவே முடிவு செய்வதைக் காண்போம்.

மிகப் பெரியவை தம் சுற்றத்தையே மாற்றுகின்றன. சுமார் 28 கிலோமீட்டர் அளவுள்ள பான் என்னும் நிலவு, வளையத்தில் 325 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியைத் திறந்து வைத்திருக்கிறது. நூறு மீட்டர் அளவுள்ளவற்றுக்கு அவ்வலிமை இல்லை. அவை தமக்கு முன்னும் பின்னும் விமானச் சுழலி போன்ற சிறு கலக்கத்தை உண்டாக்குவதோடு நின்றுவிடுகின்றன. இவற்றை 2006 இல் காசினியின் படங்களில் கண்டனர். கூழாங்கல் முதல் வீடு வரையுள்ளவை, மோதியும் ஒட்டியும் நடுவே வாழ்கின்றன.

மைக்ரான் அளவுள்ள தூசியின் நிலையோ முற்றிலும் வேறு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய துகளைச் சூரிய ஒளியும் தள்ளும். மின்காந்த விசையும் இழுக்கும். மெல்லிய வாயுவும் தடுத்து நிறுத்தும். 1979 இல் வாயேஜர் 1 கண்ட வியாழனின் வளையம் பெரும்பாலும் இத்தகைய தூசியே. தூசி நிலைத்திராது. வியாழனின் சிறு நிலவுகள்மீது விண்கற்கள் மோதிப் புதிய தூசியை எழுப்பிக்கொண்டே இருப்பதால்தான் அவ்வளையம் இருந்துவருகிறது. சனியின் வெளிப்புறத்திலுள்ள 'ஈ' வளையமும் அவ்வாறே. என்செலாடஸ் என்னும் நிலவின் தென்துருவத்திலிருந்து பீறிடும் நீர்ப்பனியே அதற்கு ஊற்று என்பதைக் காசினி 2005 இல் கண்டது.

காவலூர் கண்ட யுரேனஸ் வளையங்களில் நிலைமை தலைகீழ். அவற்றின் கட்டிகள் கரிபோல் இருண்டவை. அங்கே தூசி மிகக் குறைவு. அக்கோளைச் சூழ்ந்து வெகுதூரம் பரவிய மெல்லிய ஹைட்ரஜன் வாயு, தூசியின் ஓட்டத்தைத் தடுத்து உள்ளே விழச் செய்வது இதற்கு ஒரு காரணம். 2019 இல் சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கிகளால் அவ்வளையங்களின் வெப்பநிலையை அளந்து, அது சுழியத்திற்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ் என்றனர். முதன்மை வளையத்தில் உள்ளவை கோல்ஃப் பந்தளவும் அதற்கு மேலும் உள்ள கட்டிகளே என்பதை அவ்வளவீடு உறுதி செய்தது.

சனியின் வளையமும் தன் நுண்துகள்களை இழந்துவருகிறது. மின்னேற்றம் பெற்ற பனித்துகள்கள் காந்தப்புலத்தின் வழியே சனிக்குள் மழைபோல் பொழிகின்றன. விநாடிக்கு 432 முதல் 2,870 கிலோ வரை இவ்வாறு விழுகிறது என்று 2018 இல் கணித்தனர். அதன்படி ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளில் வளையம் தீர்ந்துபோகலாம். அதன் வயதைப் பற்றியோ அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பனி இன்னும் அழுக்குப் படியாமல் வெண்மையாக இருப்பதால், வயது 40 கோடி ஆண்டுகளுக்கு மேற்படாது என்று 2023 இல் ஓர் ஆய்வு கூறியது. வந்து மோதும் விண்தூசி ஆவியாகிவிடுவதால் அழுக்கு ஒட்டுவதே இல்லை. ஆகவே வளையம் சனியைப் போலவே 450 கோடி ஆண்டுப் பழமையுடையதாகவும் இருக்கலாம் என்று 2024 இல் வேறோர் ஆய்வு மறுமொழி தந்தது. இந்த வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியதும் தூசியே.

நம் ஊர்த் தூசி

அளவே விதியை முடிவு செய்கிறது என்பது வானத்திற்கு மட்டும் உரிய உண்மை ஆகாது. நம் குவாரிகளில் கிடைக்கும் கருங்கல்லில் குவார்ட்ஸ் என்னும் சிலிக்காப் படிகம் உண்டு. கல் உடையும்போது ஜல்லி காலடியில் விழுகிறது. பருமனான பொடி சற்றுத் தள்ளிப் படிகிறது. அதனினும் நுண்ணிய தூசி காற்றில் மிதக்கிறது. பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட தூசியைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஏறத்தாழ ஐந்து மைக்ரானுக்குக் குறைந்ததோ நுரையீரலின் அடி வரை சென்று அங்கேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் புழுதியைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசியே கொடியது.

என்செலாடசின் பனித்துகளும் இக்கல்துகளும் ஏறத்தாழ ஒரே அளவின. முன்னது வானில் வளையமாய் ஒளிர்கிறது. பின்னது உழைப்பாளியின் நெஞ்சில் வடுவாய் இறுகுகிறது. அவ்வடுவால் வரும் சிலிகோசிஸ் நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. இருமலும் மூச்சிரைப்பும் கண்டு, இதனைக் காசநோய் என்றே எண்ணிவிடுவதும் உண்டு. இந்நோய் உடையோருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் மிகுதி. இது சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய் ஆகும்.

ஆகவே கிரஷரிலோ கல் அறுக்கும் பட்டறையிலோ வேலை செய்வோர் உள்ள குடும்பங்கள் சிலவற்றை மனத்திற் கொள்ள வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு பருமனான புழுதியைத் தடுக்குமேயன்றி இந்நுண்தூசியைத் தடுக்காது. அதற்கென்று செய்யப்பட்ட வடிகட்டி முகமூடியே வேண்டும். உடைக்கும் இடத்திலும் கொட்டும் இடத்திலும் தண்ணீர் தெளித்தால் தூசி எழும்பாது. அதைச் செய்யுமாறு கேட்பது தொழிலாளியின் உரிமை. செய்வது முதலாளியின் கடமை. வேலை முடிந்து அணிந்த சட்டையை வீட்டிற்குள் உதறலாகாது. நாட்பட்ட இருமலோடு மருத்துவரிடம் செல்வோர், தாம் செய்யும் வேலை இன்னதென்று முதலிலேயே சொல்ல வேண்டும்.

பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் கையாண்ட முறை இன்றும் பயன் தந்துகொண்டிருக்கிறது. விண்மீன் மங்குவதைக் கவனித்தே 2013 இல் சாரிக்லோ என்னும் சிறு பொருளுக்கும், 2017 இல் ஹௌமேயாவுக்கும் வளையம் உண்டெனக் கண்டனர். 2023 இல் அறிவிக்கப்பட்ட குவாவோர் என்னும் குறுங்கோளின் வளையமோ ரோஷ் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்குள்ள துகள்கள் ஏன் நிலவாய்த் திரளவில்லை என்பது அறிஞருக்குப் புதிய புதிராகியுள்ளது.

நம் பிள்ளைகளும் சனியின் வளையத்தைத் தம் கண்ணால் காணலாம். முப்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு தொலைநோக்கியே போதும். 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டிக் கோடாய் மெலிந்த அவ்வளையம், 2032 வரை ஆண்டுதோறும் விரிந்துகொண்டே போகும். ஓசூரின் வெளிச்சத்தை விட்டுச் சற்று விலகி, இருண்ட ஓர் இடத்தில் நின்று அவர்களுக்கு அதைக் காட்டுங்கள். தெரிவது ஒரே வளையம்போல் இருக்கும். அதிலுள்ள கட்டிகள் எத்தனை அளவின, அவை எவ்வாறு கூடிப் பிரிகின்றன என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுங்கள்.